நடு என்றால் புதன்

அந்தச் சலவைக்கடையில் புதன்கிழமைக்கு நடு என்று பெயர். யாரும் கூடி உட்கார்ந்து சூட்டிய பெயரன்று. வேலை சூட்டிய பெயர். திங்களன்று வாங்கும் துணி புதன் மாலை வெளியே போகும். புதன் மாலை வாங்குவது சனியன்று போகும். ஒரு சுமை இறங்கி மறுசுமை ஏறும் நாள் வாரத்தில் அது ஒன்றுதான். மூட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கும்போது கடைக்காரர் "நடு" என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே இஸ்திரி போடுகிறவர்கள் அதை இடப்பக்கத்து அடுக்குக்குத் தள்ளுவார்கள். "கடைசி" என்றால் சனி, வலப்பக்கத்து அடுக்கு. நாளடைவில் தெருவே அப்படிப் பேசத் தொடங்கிவிட்டது.

"கோட்டு நடுவுக்குக் கிடைக்குமா?"

"நடுவுக்கு ஆகாது. இந்தக் கறை என்ன கறைன்னு உங்களுக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்? கடைசிக்கு வாங்க."

வாரத்தின் நடுநாள் எது என்பதில் கற்றறிந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஞாயிற்றிலிருந்து எண்ணுகிறவருக்குப் புதன். திங்களிலிருந்து எண்ணுகிறவருக்கு வியாழன். செய்தித்தாள்களோ "வார மத்தியில் மழை பெய்யக்கூடும்" என்று எழுதிவிட்டு எந்த நாளுக்கும் பொறுப்பேற்காமல் நழுவிவிடுகின்றன. அலுவலகத்தில் ஒருவர் "வார மத்தியில் வாருங்கள்" என்றால், வராதீர்கள் என்று பொருள். ஒரு நல்ல சொல்லை இப்படிக் கொழகொழவென்று ஆக்கியவர்கள் படித்தவர்களே. சலவைக்கடையில் அந்தக் குழைவுக்கு இடமில்லை. நடு என்றால் புதன். புதன் மாலை துணி வராவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

கடைக்காரரின் அக்காளும் தம் சேலைகளை நடுவுக்கென்றே கொடுத்து, நடுவுக்கென்றே வாங்கிப் பழகியவர்.

அந்த அம்மாள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த நகரத்தில் வழக்கும் வைத்தியமும் வேறொரு மொழியில் நடப்பவை. தமிழ் மட்டுமே தெரிந்து கூண்டில் நிற்பவர்களுக்கு வாயாகவும் காதாகவும் இருந்து அவர் காலம் கழிந்தது. சொல்லாததைச் சேர்க்கக்கூடாது, சொன்னதை விடக்கூடாது என்பது அவர் தொழிலின் அடிப்படை. சாட்சியின் மகனோ மருமகளோ "நாங்களே சொல்லிடறோம்" என்று முன்வந்தால், "உறவுக்காரங்க வாய் கோர்ட்டுல செல்லாது. ஓரமா உட்காருங்க" என்று சொல்லி விரட்டிவிடுவார். இளையவர்கள் அவருக்குப் பின்னால் அவரை நாட்டாமை என்று அழைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. அவர் மகிழ்ச்சியோடுதான் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் தம்பி தம் கடையில், இஸ்திரி மேசைகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். பக்கவாதம். கால் ஓரளவு திரும்பியது. வலக்கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும், உதறிய சட்டைப்பையிலிருந்து சில்லறை உதிர்வதுபோல, ஒன்றிரண்டு சொல்லாக வந்தது. வளர்ந்தபின் கற்ற அந்த ஊர்மொழி வரவேயில்லை. வாடிக்கையாளர்களோடு அதில் கேலி பேசி, பேரம் பேசி வாழ்ந்தவர், மருத்துவமனையில் அதைக் கேட்டால் கதவுக்கு அப்பாலிருந்து யாரோ பேசுவதைப்போல விழித்தார்.

கடைக்கு மேலேதான் அவர் வீடு. மனைவி இறந்தபின் தனியாகவே இருந்தார். அங்கேதான் திரும்பிப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். படுக்கையில் உட்கார்ந்து, நல்ல கையால் மேலே சுட்டிக்காட்டி, "மேல... மேல" என்பார். புதிதாக வந்த தாதி ஒருத்தி அவர் கடவுளைக் கூப்பிடுகிறார் என்று எண்ணிக் கைகூப்பினாள்.

"கடவுள் இல்லம்மா, மாடி," என்று அக்காள் விளக்கினார். தம்பி சிரித்தார். சிரிப்பு பழுதாகவில்லை.

அக்காளுக்கு வேறொரு எண்ணம் இருந்தது. கணவர் போய்விட்டார், மகள் வேறு நகரத்தில் குடும்பமாகிவிட்டாள். ஓய்வுபெற்ற பிறகு, காலையில் எழுந்து யாருக்காகப் பேசுவது என்று தெரியாமல் அவர் வானொலியை நீதிபதிபோல எதிரே வைத்துக்கொண்டு காபி குடித்தார். தம்பி விழுந்த வாரமே மகளின் பழைய அறையை ஒழித்தார். உயரமான கட்டில் வாங்கிப் போட்டார். குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்தினார். தம்பியைக் கேட்கவில்லை. கேட்டால் "மேல" என்பார் என்று தெரியும்.

இனித் தனியாக வாழ அவரால் முடியுமா என்று பார்க்க ஒருநாள் குறித்தார்கள். பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் சோதிப்பவர். மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது.

"இன்னொரு நாள் வெச்சுக்கலாம்," என்றார் பயிற்சியாளர். "சொந்தக்காரங்களை வெச்சு செய்யக்கூடாது."

"எனக்குத் தெரியாத விதியா அது?" என்றார் அக்காள். "ஆனா இன்னொரு தேதி எப்பக் கிடைக்கும்? நான் கோர்ட்டுல இதையே பண்ணிட்டிருந்தவ. ஒரு வார்த்தை கூடாது, குறையாது."

பயிற்சியாளர் அவருடைய வெள்ளைத் தலையையும் நிமிர்ந்த முதுகையும் பார்த்து இணங்கினார்.

சோதனை நடந்த அறை ஒரு சின்ன வீட்டைப்போல இருந்தது. அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, கட்டில், கதவுத் தாழ்ப்பாள். தம்பி அடுப்பை ஏற்றி அணைத்தார். இடக்கையால் தாழ்ப்பாளைத் திறந்தார். தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சொல் வராமல், எழுந்து கதவை நோக்கி நடந்தே காட்டினார். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

கடைசியாக மாத்திரை. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை அது, நாள்தோறும் ஒன்று. வாரத்தில் புதன்கிழமை மட்டும் பாதி. மாறிப் போனால் ஆபத்து. இதைத் தாமாகவே நினைவில் வைத்திருப்பவரைத்தான் தனியாக விட முடியும்.

"பாதி மாத்திரை என்னைக்குன்னு கேளுங்க."

அக்காள் கேட்டார். தம்பியின் தாடை அசைந்தது. கண் இடப்பக்கம் போய்த் தேடியது. உதடு ஒட்டிப் பிரிந்தது.

"நடு," என்றார்.

அக்காள் அந்தச் சொல்லை ஊர்மொழியில் சொன்னார். அகராதியில் நடு என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்குமோ அதை, அப்படியே சொன்னார். மையம், இடைப்பகுதி. அதில் கிழமை இல்லை.

"எதுக்கு நடுவுல?" என்றார் பயிற்சியாளர் குழம்பி.

"அவர் சொன்னது அவ்வளவுதான்."

"திரும்பக் கேளுங்க."

திரும்பக் கேட்டார். "நடு," என்றார் தம்பி, இப்போது உரக்க. பயிற்சியாளருக்கு ஒன்றும் விளங்காததைக் கண்டு, இரண்டு கைகளையும் தூக்கி, வராத வலக்கையை இடக்கையால் இழுத்து, காற்றில் ஒரு மூட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கிக் காட்டினார். "நடு. நடு."

"என்ன காட்டறார்?"

"சைகையை நான் மொழிபெயர்க்கிறதில்ல," என்றார் அக்காள். "வாய்ப்பேச்சு மட்டும்தான்."

அது உண்மையில் ஒரு விதி. எந்த நீதிமன்றத்திலும் அவர் அதைத் தலைநிமிர்ந்து சொல்லியிருப்பார். ஆனால் ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்றிருக்க, பேசுகிறவன் அதை எதற்கு வழங்குகிறான் என்று அறிந்து அதைச் சொல்வதே மொழிபெயர்ப்பு என்பதும் விதிதான். புதியவர்களுக்கு அதைக் கற்பித்தவரே அவர். இரண்டு விதிகளில் தமக்கு வசதியான ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

பயிற்சியாளர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். மற்றவையெல்லாம் நன்று, ஆனால் மாத்திரை நாள் தெரியாதவரைத் தனியே அனுப்ப முடியாது, யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார்.

"எங்க வீட்டுல இருக்கட்டும்," என்றார் அக்காள். குரல் அவருக்கே சற்று விரைவாகக் கேட்டது.

தம்பிக்கு அந்த மொழி புரியவில்லை. தலையசைப்பு புரிந்தது. அக்காளைப் பார்த்தார். அக்காள் அவருடைய சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலையே தம்பியின் துணிமணிகளை எடுத்துவர அக்காள் கடைக்குப் போனார். ஈரமும் சோப்பும் சூடான பருத்தியும் கலந்த காற்று வாசலிலேயே முகத்தில் அடித்தது. துணியின் உள்மடிப்பில் அழியாத மையால் அடையாளம் எழுதும் பெண் முன்மேசையில் இருந்தார். மைக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முதலாளி விழுந்த நாள் முதல் கடை அவர் கையில்தான் ஓடியது.

"வாங்கக்கா. முதலாளி எப்ப வர்றார்? மாடியைக் கழுவி வெச்சிருக்கேன். மெஷினைத் தொடவே விடமாட்டார் என்னை, இப்ப நான் ஓட்டறதைப் பார்த்தா அதுக்கே இன்னொரு தடவை விழுவார்."

"வரல," என்றார் அக்காள். "என்கூட இருக்கப் போறான்."

மைக்காரம்மாவின் கையிலிருந்த பேனா நின்றது. "அவரா ஒத்துக்கிட்டார்?"

"டாக்டருங்க முடிவு. தனியா விட முடியாதாம். சோதனையில ஒண்ணு வரல."

"என்ன கேட்டாங்க?"

"மாத்திரை. என்ன கிழமைன்னு."

"கிழமையா?" மைக்காரம்மா சிரித்தே விட்டார். "அக்கா, அந்த மனுஷன் பொண்டாட்டி பொறந்தநாளை மறப்பார். சொந்த வயசை மறப்பார். கிழமையை மறக்கமாட்டார். தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் இன்னைக்கு யார் துணி எந்த அடுக்குன்னு சொல்லுவார். என்ன சொன்னார் பதிலுக்கு?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் அக்காள். "வாய் வரல."

மதியம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவர் வழியெல்லாம் தமக்குத்தாமே வாதாடிக்கொண்டு வந்திருந்தார். இது அப்பட்டமான பொய். முந்தையதைக் காப்பாற்றப் பிறந்தது.

மைக்காரம்மா நம்பாமலும் மறுக்காமலும் பார்த்தார். அப்போது உள்ளே வந்த ஒருவர் இரண்டு திரைச்சீலைகளை மேசைமேல் போட்டு, "நடுவுக்குத் தந்துடுவீங்களா?" என்றார்.

"தர்றேன், தர்றேன். எங்க அக்கா வந்திருக்காங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க."

அக்காள் மாடிக்குப் போகவில்லை. "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

மறுநாள் காலை மருத்துவமனையில் பயிற்சியாளர் நடைபாதையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை வந்தீங்க. காலையிலேர்ந்து சாப்பிடல, கைப்பயிற்சி பண்ணல. சுவரைப் பார்த்து எதையோ சொல்லிக்கிட்டே இருக்கார். என்னன்னு கேளுங்க."

தம்பி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

"திங்கள்... செவ்வா..." மூன்றாம் விரலில் நின்றது. நெற்றியில் வியர்த்திருந்தது. விரல்களை விரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. "திங்கள்... செவ்வா..."

அக்காள் அருகில் உட்கார்ந்தார். தம்பி திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா. நடு... தப்பு."

"யார் சொன்னா?"

தம்பி அவரையே சுட்டினார். பிறகு தம் தலையைத் தொட்டு, நல்ல கையால் அதில் மெல்ல அடித்தார். "நீ... சொன்னே. அவங்க..." என்று பயிற்சியாளரின் தலையசைப்பைச் செய்துகாட்டினார். "அக்கா... சரியா... சொல்லும். நான்... போச்சு." மறுபடி அடித்துக்கொண்டார். "இது... போச்சு."

வீடு போனதை அவர் சொல்லவில்லை. அறிவு போய்விட்டது என்று சொன்னார். தாம் சொன்னது சரி என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அக்காள் அதை எடுத்துச் சொல்லியும் அது தவறாகியிருக்கிறது. அப்படியானால் பழுது தம் தலைக்குள்தான் என்று, இரவெல்லாம் கணக்கைத் தீர்த்து வைத்திருந்தார். அக்காளைச் சந்தேகிக்கும் வழியே அந்தக் கணக்கில் இல்லை.

அக்காள் எழுந்து நின்றார். எழுந்து நின்றுதான் அவருக்குப் பேசிப் பழக்கம். பயிற்சியாளரிடம் ஊர்மொழியில், நீதிமன்றத்தில் பிழை திருத்தும்போது தம்மையே வேற்றாள்போலக் குறிப்பிடும் வழக்கப்படி தொடங்கினார். "மொழிபெயர்ப்பாளர் நேத்து சொன்னதுல ஒரு பிழை இருக்கு. திருத்த அனுமதிக்கணும்."

"எந்த மொழிபெயர்ப்பாளர்?" என்றார் பயிற்சியாளர். "அவர் வரலையே. நீங்கதானே இருந்தீங்க?"

"ஆமா. நான்." அக்காள் நீதிமன்றப் பேச்சை விட்டார். "நடுன்னா அவன் கடையில புதன்கிழமை. அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் பேசும். மூட்டை கட்டிக் காட்டினான் பாருங்க, அதுவும் அதுதான்."

பயிற்சியாளருக்குப் புரிந்தது. "அப்படின்னா அது சரியான பதில்."

"சரியான பதில்."

"சரி, விடுங்க. கடைப்பேச்சு. உங்களுக்கு அந்த நேரத்துல ஞாபகம் வரல. அதானே?"

நல்ல மனத்தோடு திறந்துவிட்ட கதவு அது. தலையை ஆட்டினால் போதும். தம்பிக்கும் வீடு கிடைக்கும், தமக்கும் பெயர் மிஞ்சும்.

"இல்ல," என்றார் அக்காள். "தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

"ஏன்?"

"வீட்டுல அவனுக்கு அறை தயாரா இருக்கு."

பயிற்சியாளர் முகம் மாறியது. கோபத்தைவிட, இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் இவர் என்ற பார்வைதான் அதில் இருந்தது. அக்காள் எத்தனையோ பொய்ச்சாட்சிகளை அதே பார்வையால் பார்த்தவர். "வேற மொழிபெயர்ப்பாளரை வெச்சுத் திரும்பவும் சோதிப்போம். அன்னைக்கு நீங்க உள்ளே இருக்கக்கூடாது," என்றார் பயிற்சியாளர்.

"சரி."

தம்பி இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் அவருக்கெதிரே உட்கார்ந்தார்.

"டேய். நீ சொன்னது சரிடா. நடு சரி."

"சரி?"

"சரி. உன் தலைக்கு ஒண்ணும் ஆகல."

"தப்பு... இல்ல?"

"இல்லடா. புதன்கிழமைதான். நீ சரியாச் சொன்னே."

தம்பியின் முகம் திறந்தது. தலையைத் தடவிக்கொண்டார், தொலைந்த பொருள் சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டவரைப்போல. ஒரு சிரிப்புகூட வந்தது. அக்காளுக்கு அது தாங்க முடியவில்லை. அவர் எதிர்பார்த்துவந்த கோபம் வரவில்லை, அதற்கு முன்னால் இந்த மகிழ்ச்சி வந்து நின்றது.

பிறகு தம்பியின் புருவம் நெளிந்தது. சொல் தேடினார். "அப்ப... அவங்க... ஏன்?"

"அவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொல்லணும். நான் ஒரு வார்த்தையும் மாத்தல..." அக்காள் நிறுத்தினார். நேற்று முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த அதே கொழுகொம்பு. அதை விட்டார். "மாத்தின மாதிரிதான். உனக்குப் புரியாதுன்னு தெரிஞ்சு செஞ்சேன். நீ என்கூட வந்து இருக்கணும்னு."

தம்பி தம் முழங்கால்மேல் இருந்த அக்காளின் கையை எடுத்து, எறியாமல், அவர் மடியிலேயே வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் மடக்கவில்லை.

அடுத்த வாரம் மறுசோதனை நடந்தது. அக்காள் நடைபாதையில், ஒரு நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓரமா உட்காருங்க என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று நினைத்தார். அவர்கள் எல்லாரும் கெட்டவர்களாக அப்போது தோன்றினார்கள். யாராவது ஒருவர் வெறும் பயத்தில் வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது. அந்த எண்ணம் தம்மை மன்னிக்கவே வருகிறது என்றும் தெரிந்தது. அதை ஒதுக்கினார். கதவுக்கு அப்பால் தம்பியின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவர் உடம்பு முழுவதும் அந்தச் சொற்களுக்காகச் சாய்ந்தது. எழுந்துபோய்க் காது வைக்கவில்லை.

கதவு திறந்து மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்தார். நீதிமன்றத்தில் அக்காளிடம் தொழில் பழகியவர்தாம். "வணக்கம்மா," என்றார். உள்ளே நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது. சொல்லாததற்காக அக்காள் அவரை மதித்தார்.

பின்னாலேயே தம்பி நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வந்தார். அவரை அழைத்துப்போக வந்திருந்த மைக்காரம்மா ஒரு கையில் பையும் மறுகையில் மருந்துகளுமாகக் கூட வந்தார். "மாடிக்குத்தான்கா," என்றார் அக்காளிடம். "யாரும் எடுத்துக்கொடுக்காம, கேட்டதுக்கெல்லாம் ஒத்தை வார்த்தையில சரியாச் சொல்லிட்டார். தினம் மாத்திரை நேரத்துல நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கணுமாம். அவர் என்னைப் பார்த்துக்கப் போறாரா, நான் அவரைப் பார்த்துக்கப் போறேனான்னு தெரியல."

அக்காள் எழுந்து பைக்குக் கை நீட்டினார். மைக்காரம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி நடைச்சட்டத்தை முன்னே நகர்த்தினார். பை கைமாறவில்லை.

மின்தூக்கி சிறியது. நடைச்சட்டமும் இருவரும் நுழைந்ததும் நிறைந்துவிட்டது.

"நானும் வரட்டுமா?" என்றார் அக்காள் வெளியே நின்று.

தம்பியின் தாடை அசைந்தது. சொல் வரவில்லையா, வர வேண்டாம் என்ற சொல்தான் வந்து நிற்கிறதா என்று தெரியவில்லை. கதவு மூட வந்தது. மைக்காரம்மா காலை நீட்டித் தடுத்தார். மறுபடி மூட வந்தது, மறுபடி தடுத்தார்.

"நீ..." என்றார் தம்பி. நெடுநேரம் தேடினார். நல்ல கையால் நடைபாதையின் கோடியைக் காட்டினார். "படியில."

"படியில வரவா?"

தலையை ஆட்டினார். முகம் இளகவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அக்காள் படிக்கட்டைத் தேடிப் போனார். முழங்கால் வலி உள்ளவர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, இறங்கத் தொடங்கினார்.